கணக்கு தெரிந்த பிள்ளை திரைக்கு முன்னால் ஏன் தடுமாறுகிறது? வாசகர் கேள்வி பதில்

ஸ்பிரிங் பிரேக் முடிந்தால் கலிஃபோர்னியாவின் தொடக்கப் பள்ளிகளில் மாநிலத் தேர்வுக் காலம். பள்ளிக் கடிதங்களில் ‘காஸ்ப்’ என்றும் பெற்றோர் பேச்சில் ‘ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு’ என்றும் அடிபடுவது ஒரே தேர்வுதான். 2015-லிருந்து மூன்றாம் வகுப்பு முதல் எட்டு வரையும், அப்புறம் பதினோராம் வகுப்பிலும், பிள்ளைகள் ஆங்கிலம், கணக்கு இரண்டையும் கம்ப்யூட்டரில் எழுதுகிறார்கள். ஐந்திலும் எட்டிலும் அறிவியலும் உண்டு. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வந்தவை. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே ஈஸ்ட் பே பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் எடுப்பதும் மூன்றாம் வகுப்புதான். எட்டு வயதுப் பிள்ளை முதன்முதலாக அந்தத் திரைக்கு முன் உட்காரும்போது என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

என் மகள் மூன்றாம் வகுப்பு. வீட்டில் நோட்டில் கணக்கெல்லாம் சரியாகப் போடுகிறாள். வாய்ப்பாடு 12 வரை மனப்பாடம். பள்ளியில் வைத்த மாதிரித் தேர்வில் நிறையத் தப்பு என்கிறார் டீச்சர். நடக்கப் பழகிய நாளிலிருந்து ஐபேட் கையாளுகிறவள், கம்ப்யூட்டர் அவளுக்குப் புதிதில்லையே?
*ஒரு தாய், சான் ரமோன்*

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. அவள் சரியாகப் போடுவது நோட்டில். திரையில் கேள்வி வந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் பென்சிலை மறந்துவிடுகிறார்கள். கேள்வி அங்கே இருப்பதால் வேலையையும் அங்கேயே முடிக்க வேண்டும் என்று நினைத்து, எல்லாவற்றையும் மனதுக்குள் போட்டுப் பார்த்து ஏதோ ஒரு விடையை அழுத்துகிறார்கள். இரண்டு படிக் கணக்கில் முதல் படியின் விடையையே கொடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவது இதனால்தான். தேர்வில் எழுதிப் பார்க்க வெற்றுத் தாள் கொடுப்போம். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கால்குலேட்டர் கிடையாது, ஆகையால் அந்தத் தாள்தான் பிள்ளைக்குத் துணை. வீட்டில் எந்தக் கணக்கைத் திரையில் செய்தாலும் எழுதும் கைப்பக்கம் ஒரு தாளை வைக்கச் சொல்லுங்கள். கேள்வி எண், அதன் கீழே படமோ கூட்டலோ, கடைசியில் விடையைச் சுற்றி ஒரு வட்டம். விடையைத் தாளில் பார்த்த பிறகுதான் கை டச்பேடுக்குப் போக வேண்டும். இந்த ஒரு பழக்கத்துக்காக நான் வகுப்பில் செலவழிக்கும் நேரத்தை வேறு எதற்கும் செலவழிப்பதில்லை.

அடுத்தது கை. ஐபேடில் விரலால் தொட்டால் போதும். பள்ளியில் பெரும்பாலும் க்ரோம்புக், அதில் டச்பேடும் கீபோர்டும். பின்னங்களை எண்கோட்டில் இழுத்து வைக்கச் சொல்வார்கள். அழுத்திப் பிடித்தபடியே இழுத்துக்கொண்டு போய் சரியான புள்ளியில் விடுவது சின்ன விரல்களுக்குச் சுலபமான காரியம் இல்லை. முக்கால் என்று தெரிந்த பிள்ளை பாதிக்குப் பக்கத்தில் நழுவவிட்டு, மறுபடி எடுக்க முடியாது என்று பயந்து அப்படியே விட்டுவிடுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். மறுபடி எடுக்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதைச் சொல்லிக் கொடுத்தாலே பாதிப் பயம் போய்விடும். விடையை எண்ணாக எழுதும் கேள்விகளில் திரையிலேயே ஒரு சிறு எண் பலகை வரும். அதில் பின்னத்துக்கு என்று தனிப் பட்டன் உண்டு. அது எங்கே இருக்கிறது என்று தேர்வன்று தேடக்கூடாது.

ஆங்கிலத்தில் பத்தி இடது பக்கமும் கேள்வி வலது பக்கமும் இருக்கும், இரண்டும் தனித்தனியாக ஸ்க்ரோல் ஆகும். திரையில் தெரிகிற வரை படித்துவிட்டுக் கதை முடிந்தது என்று நினைத்த பிள்ளைகள் உண்டு. கடைசி வரி வந்துவிட்டதா என்று பார்க்காமல் கேள்விக்குப் போகக்கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ‘பொருந்துவன எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ என்ற வகை. 24-க்குச் சமமானவை எவை: 3×8, 4×6, 5×5, 48÷2? உங்கள் மகள் 3×8-ஐப் பார்த்த உடனே அழுத்திவிட்டு நகர்ந்திருப்பாள். வட்டம் இருந்தால் ஒரு விடை, சதுரக் கட்டம் இருந்தால் ஒன்றுக்கு மேல் இருக்கலாம், ஒவ்வொன்றையும் தனியாகப் போட்டுப் பார் என்று சொல்லுங்கள். காகிதத்தில் பழகிய பிள்ளைக்கு இப்படி ஒரு வகை இருப்பதே தெரியாது.

இதற்கெல்லாம் பணம் செலவழிக்க வேண்டாம். தேர்வுக்கான மாநிலத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மாதிரித் தேர்வுகளும் அதைவிடச் சிறிய பழகு தேர்வுகளும் இலவசமாக இருக்கின்றன. விருந்தினராக நுழையலாம், கடவுச்சொல் தேவையில்லை. பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் மதிப்பெண்ணை எண்ணாதீர்கள். அவள் கை எங்கே நிற்கிறது, எந்தக் கேள்வியை முழுதாகப் படிக்காமல் தாவுகிறாள் என்று மட்டும் பாருங்கள். ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும். பள்ளியில் மவுஸ் தருவார்களா, டச்பேடுதானா என்று டீச்சரைக் கேட்டு, அதிலேயே பழக்குங்கள்.

திருநெல்வேலியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பேரன் மூன்றாம் வகுப்பு. கையால் எழுதச் சொன்னால் ஒரு பக்கம் கதை எழுதுவான். கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டி இரண்டு வரியில் முடித்துவிடுகிறான். மகள் திட்டுகிறாள், அவன் அழுகிறான். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆங்கிலமும் கொஞ்சம்தான். என்னால் ஏதாவது செய்ய முடியுமா?
*ஓர் ஆச்சி, சன்னிவேல்*

நிறையவே முடியும் அம்மா. முதலில் உங்கள் மகளுக்கு ஒரு செய்தி. கலிஃபோர்னியா பின்பற்றும் பாடத்தரத்தின்படி, ஒரே அமர்வில் ஒரு பக்கம் தட்டச்சு செய்யும் திறன் நான்காம் வகுப்பில்தான் எதிர்பார்க்கப்படுகிறது, இரண்டு பக்கம் ஐந்தாம் வகுப்பில். மூன்றாம் வகுப்புப் பிள்ளை பெரியவர் உதவியோடு பழகினால் போதும் என்பதே அங்கே உள்ள எதிர்பார்ப்பு. ஆகவே திட்ட வேண்டாம். தினமும் பத்து நிமிடம், கீபோர்டின் இடது பாதி இடது கைக்கு, வலது பாதி வலது கைக்கு, இடைவெளி விடக் கட்டை விரல், பெரிய எழுத்துக்கு ஷிஃப்ட். ஒற்றை விரல் மெதுவாக இரண்டாகும், நான்காகும். மாநிலத் தேர்வுக்கு நேர வரம்பு கிடையாது. மெதுவாகத் தட்டுகிறவனுக்கும் முடிக்க நேரம் கொடுப்போம்.

இப்போது உங்கள் வேலை. இந்தத் தேர்வின் எழுத்துப் பகுதியில் ஒரே விஷயத்தைப் பற்றிச் சில சிறு கட்டுரைகளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். அவற்றில் உள்ளதை எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று தெரியும்படி, தன் சொந்த வார்த்தைகளில் பிள்ளை எழுத வேண்டும். நன்றாகக் கதை எழுதுகிற பிள்ளைகள் கூட இங்கே தடுமாறுவார்கள். படித்ததை அப்படியே காப்பி அடிப்பார்கள், அல்லது படித்ததை விட்டுவிட்டுத் தன் மனதில் தோன்றியதை எழுதுவார்கள். தட்டச்சைவிட இதுதான் பெரிய தடை.

இதை நீங்கள் தமிழிலேயே பழக்கலாம். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பனைமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதநீர் இறக்குவது, கருப்பட்டி காய்ச்சுவது, ஓலையில் பெட்டி முடைவது என்று தெரிந்ததையெல்லாம் அவனுக்குச் சொல்லுங்கள். நூலகத்திலிருந்து மரங்களைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தை அவனே எடுத்து வந்து படித்து, அதில் உள்ளதை உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். பிறகு கேளுங்கள்: “மரத்தால் மனுஷனுக்கு என்ன பிரயோஜனம்? இதில் ஆச்சி சொன்னது எது, புத்தகம் சொன்னது எது? ரெண்டு பேரும் சொன்னது எது?” அவன் வாயால் சொல்லி முடித்த பிறகு, ஒரு தாளில் நாலைந்து சொற்களைக் குறித்துக்கொள்ளட்டும். அதைப் பார்த்து ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் தட்டச்சு செய்தால் அன்றைக்குப் போதும். என்ன எழுதப் போகிறோம் என்று கையிலிருக்கும் தாளில் இருந்தால், ஒற்றை விரலாக இருந்தாலும் கை நிற்காது. யோசிப்பதையும் எழுத்தைத் தேடுவதையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்வதால்தான் இரண்டு வரியில் முடித்துவிட்டு ஓடுகிறான்.

இதை ஒரு ஆச்சி செய்வது போல எந்தப் பயிற்சி மையமும் செய்யாது. ஊருக்குத் திரும்பிய பிறகும் வீடியோ அழைப்பில் தொடருங்கள்.

என் நண்பர்கள் எல்லோரும் மூன்றாம் வகுப்பிலேயே கோச்சிங் சேர்த்துவிட்டார்கள். ஆன்லைன் மாதிரித் தேர்வுத் தொகுப்புகளும் வாங்குகிறார்கள். நாங்கள் மட்டும் சும்மா இருக்கிறோமோ என்று இருக்கிறது. இந்த மார்க் மேல் வகுப்புக்குப் போவதைப் பாதிக்குமா?
*ஒரு தந்தை, ஃப்ரீமாண்ட்*

பாதிக்காது. இதில் பாஸ், ஃபெயில் இல்லை. ரிப்போர்ட் கார்டு கிரேடிலும் சேராது. பள்ளியும் ஆசிரியரும் இந்தத் தேர்வுக்கென்றே தனிப் பயிற்சித் திட்டம் நடத்தக் கூடாது என்று கலிஃபோர்னியா கல்விச் சட்டத்தின் 60611-ஆம் பிரிவே சொல்கிறது. தேர்வோடு தரப்படும் மாதிரித் தேர்வைக் காட்டலாம், அவ்வளவுதான். நாங்கள் வகுப்பில் செய்யக் கூடாது என்று சட்டம் நினைத்ததை, எட்டு வயதுப் பிள்ளை மாலையில் பணம் கட்டிச் செய்ய வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. உங்கள் பள்ளி மாவட்டத்தில் ஏதாவது சிறப்பு வகுப்புக்கு இந்த மதிப்பெண்ணைப் பார்க்கிறார்களா என்று மட்டும் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், மாவட்டத்துக்கு மாவட்டம் வழக்கம் மாறும்.

கோச்சிங்குக்குப் போகும் அந்த நேரத்தில் பிள்ளை படுத்துக்கொண்டு ஒரு புத்தகம் படித்தால் எனக்கு அதுவே சந்தோஷம். மையத்திலிருந்து வரும் பிள்ளைகள் பலர் கேள்வியைப் பார்த்ததும் “இந்த டைப் எனக்குத் தெரியும்” என்று முழுதாகப் படிக்காமலேயே விடை கொடுக்கிறார்கள். அந்த அவசரத்தை இறக்கி வைக்க எனக்கு மாதக்கணக்கில் ஆகிறது.

போன வருடம் மூன்றாம் வகுப்பில் என் மகனுக்குக் கணக்கில் 2418. வகுப்பில் நன்றாகப் படிக்கிறவன். “போகப் போகக் கஷ்டமான கேள்வியாகவே வந்தது அம்மா, நான் முட்டாள்” என்று அழுதான். இந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?
*ஒரு தாய், சான் ஹோசே*

கஷ்டமான கேள்வி வந்ததற்குக் காரணம் அவன் முந்தைய கேள்விகளைச் சரியாகச் செய்தது. இந்தத் தேர்வின் பெரும்பகுதி பிள்ளையின் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். சரியாகச் செய்தால் கடினமானது வரும், தவறினால் எளிதானது வரும். வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளைக்கும் தெரியாத கேள்விகள் வந்தே தீரும். இதைத் தேர்வுக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். நான் வகுப்பில் சொல்வது இவ்வளவுதான்: “கஷ்டமான கேள்வி வந்தால் கம்ப்யூட்டர் உன்னை நம்பி அடுத்ததைக் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். உன்னால் முடிந்ததைச் செய், அடுத்ததற்குப் போ.” பக்கத்துப் பிள்ளைக்கு வேறு கேள்விகள் வரும் என்பதால் “உனக்கு எத்தனை சரி?” என்று ஒப்பிடுவதிலும் பொருளில்லை.

இனி எண். மூன்றாம் வகுப்புக் கணக்கில் 2381 முதல் 2435 வரை இரண்டாம் நிலை, 2436 முதல் 2500 வரை மூன்றாம் நிலை, 2501-லிருந்து நான்காம் நிலை. வகுப்புக்குரிய தரத்தை எட்டியதாகக் கொள்வது மூன்றாம் நிலையிலிருந்து. உங்கள் மகன் அதற்கு 18 புள்ளி குறைவு. இரண்டு மூன்று கேள்விகளில் கை தவறினாலும் மதிப்பெண் இந்த அளவுக்கு முன்பின்னாகக் கூடும். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். மதிப்பெண் அளவுகோல் வகுப்புதோறும் தொடர்ந்து மேலே போகிறது. நான்காம் வகுப்பில் அதே மூன்றாம் நிலைக்கு 2485 வேண்டும். இந்த வருடம் அவன் 2470 வாங்கினால் நிலை மாறாது, ஆனால் 52 புள்ளி வளர்ந்திருப்பான். என் கண் முதலில் அந்த வளர்ச்சிக்குத்தான் போகும். அறிக்கையில் கணக்கின் உட்பிரிவுகளைப் பற்றியும் ஏதாவது சொல்லியிருந்தால் அதை எடுத்துக்கொண்டு இந்த வருட டீச்சரைப் போய்ப் பாருங்கள்.

ஜனவரியில் கோயம்புத்தூரிலிருந்து வந்தோம். மகன் நான்காம் வகுப்பு. சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதினோம். ‘எல்பாக்’ என்று ஒரு தேர்வு வைத்து, ஆங்கிலம் கற்பவர் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். “ஆங்கிலம் என்று எழுதியிருக்கலாமே” என்கிறார்கள் தெரிந்தவர்கள். மாநிலத் தேர்வை அவன் எழுத வேண்டுமா? வீட்டில் தமிழை நிறுத்திவிடலாமா?
*ஒரு தந்தை, சாண்டா கிளாரா*

தமிழை நிறுத்தாதீர்கள். படிவத்தில் உண்மையை எழுதியதும் சரிதான். அதில் கேட்பது பிள்ளை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் புழங்கும் மொழி எது என்பதைத்தான், பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் அதை வைத்து முடிவு கட்டுவதில்லை. ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்று பார்க்கத்தான் எல்பாக். பட்டியலில் இருக்கும்வரை பள்ளி அவனுக்கு ஆங்கிலத்தில் கூடுதல் உதவி தரக் கடமைப்பட்டது. அமெரிக்க உச்சரிப்புக்கும் வகுப்புப் பேச்சுக்கும் பழக இது கிடைப்பது நல்லது. வருடந்தோறும் எல்பாக் எழுதுவான், அதில் தேறி, டீச்சரின் மதிப்பீடு போன்ற மற்ற அளவுகோல்களும் பொருந்தியதும் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிடுவான்.

அமெரிக்கப் பள்ளியில் சேர்ந்து 12 மாதம் ஆகாத, ஆங்கிலம் கற்பவர் பட்டியலில் இருக்கும் பிள்ளைக்கு மாநிலத் தேர்வின் ஆங்கிலப் பகுதியிலிருந்து விலக்கு உண்டு. கணக்கு எழுத வேண்டும். கணக்கில் சொற்பொருள் காட்டும் வசதி சில மொழிகளில் இருக்கிறது. பஞ்சாபி இருக்கிறது, தமிழ் இல்லை. இத்தனை தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் வட்டாரத்தில் இது எனக்கு வருத்தம்தான்.

அவனுக்குக் கணக்குத் திறமையில் குறை இருக்காது. ஊர்ப் பழக்கம்தான் காலை வாரும். நான்காம் வகுப்பில் பத்து லட்சம் வரை எண்கள் வரும். இங்கே காற்புள்ளி மூன்று மூன்று இலக்கமாக விழும், 1,00,000 என்பது 100,000. திரையில் பெரிய எண்ணைப் பார்த்ததும் அவன் கண் லட்சத்தைத் தேடும். சத்தமாக ‘ஹண்ட்ரட் தவுசண்ட்’ என்று படித்துப் பழகட்டும். அளவைகளில் அடி, அங்குலம், பவுண்டு, அவுன்ஸ், கேலன் எல்லாம் வரும். அங்கே சென்டிமீட்டரிலும் கிலோவிலும் வளர்ந்த பிள்ளை அவன். டேப்பைக் கொடுத்து வீட்டுக் கதவை, மேசையை அடியிலும் அங்குலத்திலும் அளக்கச் சொல்லுங்கள். கடையில் பால் கேலன் எத்தனை குவார்ட் என்று கேளுங்கள். வகுத்தலில் ஈவை வலது பக்கம் எழுதிப் பழகியிருந்தால், இங்கே மேலே எழுதுகிறார்கள். அவன் தாளில் எப்படிப் போட்டாலும் பரவாயில்லை, திரையில் விடை மட்டும்தான் போகும். ஆனால் வகுப்பில் டீச்சர் போடுவது புரிய வேண்டும், அதனால் அந்த முறையையும் ஒரு தடவை காட்டி வையுங்கள்.

மகளுக்கு வாசிப்பதில் சிரமம். கம்ப்யூட்டரே படித்துக் காட்டும் என்கிறார்களே?
*ஒரு தாய், டப்ளின்*

காட்டும், ஆனால் தேர்வன்று கேட்டால் கிடைக்காது. கேள்விகளைப் படித்துக் காட்டும் வசதியைப் பள்ளி முன்கூட்டியே தேர்வு அமைப்பில் அவள் பெயரில் பதிவு செய்ய வேண்டும். ஆங்கிலப் பத்திகளையும் படித்துக் காட்ட வேண்டுமானால் ஐஇபி (சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்கான தனிநபர் திட்டம்) அல்லது 504 திட்டத்தில் (குறைபாடுள்ள பிள்ளைக்குப் பள்ளி செய்து தரும் வசதிகளின் திட்டம்) அது எழுதப்பட்டிருக்க வேண்டும். டீச்சரிடம் இந்த வாரமே பேசுங்கள். கிடைத்தால் ஹெட்போனோடு வீட்டில் பழகு தேர்வில் முயன்று பார்க்கட்டும். சில பிள்ளைகளுக்கு அந்தக் குரலின் வேகம் ஒத்துவராது, வேகத்தை மாற்றிக்கொள்ளக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மகள் பயந்து தூங்குவதே இல்லை. தேர்வே வேண்டாம் என்று சொல்ல முடியுமா?
*ஒரு தாய், ப்ளெசன்டன்*

முடியும். கல்விச் சட்டம் 60615-ஆம் பிரிவு பெற்றோருக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறது. ஆனால் அதற்கு முன் டீச்சரிடம் பேசிப் பாருங்கள். நேர வரம்பு இல்லாததால் பிரித்துப் பிரித்து எழுதலாம், பள்ளி ஏற்பாடு செய்தால் சிறு குழுவில், அமைதியான அறையில் உட்காரலாம். என் வகுப்பில் இப்படிப் பயந்த பிள்ளைகள் பலருக்கு அறை மாறியதே போதுமானதாக இருந்தது. அப்படியும் தூக்கம் வரவில்லை என்றால் தயங்க வேண்டாம், அவள் உடம்புதான் முக்கியம். தேர்வு தொடங்குவதற்கு முன் பள்ளி முதல்வருக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள், காரணம் எழுத வேண்டியதில்லை. அது அந்த ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், அடுத்த வருடம் வேண்டுமானால் மறுபடி கொடுக்க வேண்டும்.